ஊர் பெயர் போடாத ஒரு பிரஸ் நோட்

சென்ற மாதம் என் பழைய அலுவலகத்திலிருந்து வாட்ஸப்பில் ஒரு தாள் வந்தது. நான் ஓய்வு பெற்ற பிறகும் அங்கிருப்பவர்கள் எதையாவது அனுப்பி, "மேடம், சித்த பாத்துச் சொல்லுங்க" என்பார்கள். பெரும்பாலும் பிழை திருத்தம்தான் இருக்கும். இந்த முறை வந்தது வேறு. விளையாட்டுச் சங்கங்களில் பாலியல் புகார் எழுந்தால் பத்திரிகைகளுக்கு என்ன அறிக்கை கொடுப்பது என்று மேலிடத்தில் யாரோ தயாரித்து, எல்லா மாவட்டங்களுக்கும் அனுப்பிய மாதிரி அறிக்கை. சங்கத்தின் பெயர், தேதி, தலைவர் பெயர் ஆகிய இடங்களில் மட்டும் புள்ளி வைத்திருந்தார்கள். நிரப்பினால் அறிக்கை தயார்.

"இச்சம்பவம் எங்கள் கவனத்திற்கு வந்துள்ளது. இதை மிகவும் தீவிரமாகக் கருதுகிறோம். வீராங்கனைகளின் பாதுகாப்பே எங்கள் தலையாய கடமை. விசாரணை நடைபெறுவதால் மேற்கொண்டு கருத்துக் கூற இயலாது."

அட கடவுளே என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். யார் கவனத்துக்கு வந்தது? யார் கொண்டுவந்தார்கள்? கொண்டுவந்தபோது நீங்கள் என்ன செய்தீர்கள்? ஒன்றுமே இல்லை. கல்யாணப் பத்திரிகை கூட இதைவிட நிறையச் சொல்லும். "குப்பை" என்று பதில் அடித்துவிட்டு, பாவம், அனுப்பியவர் என்ன செய்வார் என்று அழித்தேன். "எழுதி அனுப்புகிறேன்" என்று மட்டும் போட்டேன். எழுத உட்கார்ந்தால் அது இப்படி நீண்டுவிட்டது.

என் பெயர் சாந்தாமணி. துடியலூரில் இருக்கிறேன். ஒரு மாலைப் பத்திரிகையில் பிழை திருத்தப் போய், அங்கே விளையாட்டுப் பக்கத்தைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் அதையும் என் தலையில் கட்டினார்கள். பத்திரிகை மூடியதும், எங்கள் மாவட்ட விளையாட்டுச் சங்கம் ஒன்றில் செய்தித் தொடர்பு வேலை கிடைத்தது. ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தேன். எந்தச் சங்கம், எந்த விளையாட்டு என்று சொல்லமாட்டேன். இந்தக் கட்டுரையில் நான் பெயர் சொல்லும் ஊர் எதுவும், இதில் வரப்போகும் பிள்ளையின் ஊர் இல்லை. ஏன் இவ்வளவு கறார் என்பது போகப் போகத் தெரியும்.

பிரஸ் நோட் எழுதுவதைப் பெரிய வித்தை என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். யார் ஜெயித்தார்கள், யார் தோற்றார்கள், யார் பரிசு கொடுத்தார்கள். அதில் மூன்றாவதுதான் நீளமாக இருக்கும். முன்னிலை வகித்தவர், வரவேற்றவர், வாழ்த்தியவர், நன்றி சொன்னவர் என்று ஒரு பட்டாளமே வரும். ஒருவர் பெயர் விட்டுப்போனால் மறுநாள் காலை போன் வந்துவிடும், "ஏனுங்க, நானும் மேடையிலதான் இருந்தனுங்க" என்று. அந்தப் பட்டாளத்தை நான் எப்போதும் கடைசிப் பத்திக்குத் தள்ளிவிடுவேன். இடமில்லையென்றால் பத்திரிகைக்காரர்கள் கீழிருந்துதான் வெட்டுவார்கள். பிள்ளைகளின் பெயர் மேலே பத்திரமாக இருக்கும்.

பிள்ளைகளின் பெயரோடு ஊர் பெயரும் கட்டாயம் வேண்டும். இது நான் போட்ட சட்டம். வெறும் "கவிதா" என்றால் யாருக்குத் தெரியும்? "காரமடை கவிதா" என்றால் பேருந்து நிலையத்து டீக்கடையிலேயே பேச்சாகிவிடும். அவளுடைய அப்பா அதைக் கத்தரித்துப் பர்ஸில் வைத்துக்கொள்வார். கத்தரித்ததை லேமினேட் பண்ணி வாசல் நிலைக்கு மேலே மாட்டிய வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். ஊர் இல்லாமல் நோட்டு போகக் கூடாது என்று டைப் அடிக்கும் சண்முகத்திடம் சொல்லிச் சொல்லி, கடைசியில் அவருக்கு அது மூச்சு விடுவதுபோல் பழகிவிட்டது.

இன்னொரு பழக்கமும் உண்டு. எழுதி முடித்ததும் மூன்று பேராக உட்கார்ந்து படிப்பேன். ஜெயித்த பிள்ளையின் அம்மாவாக ஒரு தடவை. தோற்ற பிள்ளையின் அம்மாவாக ஒரு தடவை. ஆட்டத்துக்கே வராதவராக ஒரு தடவை. மூவரில் யாருக்காவது உறுத்தினால் அந்த வரியை மாற்றுவேன். மேலிடத்து அறிக்கையை எழுதியவர் யாருடைய அம்மாவாகவும் படித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

எங்கள் தலைவரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. பழைய மில் குடும்பம், வீட்டில் தெலுங்கு, வெளியே நல்ல கோயம்புத்தூர்த் தமிழ். அவர் அறைக்குள் யார் போனாலும் எழுந்து நிற்பார். காபி கொண்டுவருகிறவருக்கும் எழுந்து நிற்பார், அதனால் காபி கொண்டுவருகிறவர் உள்ளே போகவே கூச்சப்படுவார். ஒருவரையும் கடிந்து பேசி நான் கேட்டதில்லை. என் நோட்டை வாங்கி, பேனா மூடியைக் கழற்றி மேசையில் நிற்க வைத்து, வாய்க்குள் மெதுவாகப் படிப்பார். பிடிக்காத சொல் வந்தால் அதன்மேல் விரலை வைத்துக்கொண்டு, "அம்மணி, தப்பா நெனச்சுக்காதீங்க, இங்க ஒரு சின்னத் திருத்தமுங்க" என்பார். அந்தச் சின்னத் திருத்தத்துக்கு மாட்டேன் என்று யாராலும் சொல்ல முடியாது. கத்துகிற முதலாளியை எதிர்த்துவிடலாம். இவ்வளவு மரியாதையாகப் பேசுகிறவரை என்னவென்று எதிர்ப்பது?

அடுத்தவரைச் சங்கடப்படுத்தக் கூடாது. அதுதான் அவருக்கு எல்லாவற்றுக்கும் மேல். எங்கள் பக்கத்து மனிதர்கள் நிறையப் பேர் அப்படித்தான், நானும் அதில் வளர்ந்தவள்தான். அதைக் குறையென்று நான் நினைத்ததே இல்லை, அந்த வழக்கு வரும்வரை.

ஒரு திங்கட்கிழமை காலை அலுவலகம் போனபோது மூன்று நிருபர்கள் வாசலில் நின்றார்கள். எங்கள் பெண்கள் முகாமில் பயிற்சி கொடுத்த மாஸ்டரைப் போக்சோ சட்டத்தில் கைது செய்திருந்தார்கள். புகார் கொடுத்தது முகாமில் இருந்த ஒரு பள்ளி மாணவியின் அம்மா. அந்த மாஸ்டரின் பெயரை நானே எத்தனையோ நோட்டுகளில் "சிறந்த பயிற்சியாளர்" என்று எழுதியிருக்கிறேன்.

செயலாளர் எனக்கு முன்னாடியே வந்து அறிக்கையை எழுதிவைத்திருந்தார். நல்ல ஆட்டக்காரராக இருந்தவர், சங்கத்துக்காக அலையாத இடமில்லை. ஆனால் அவர் எழுதியிருந்தது இது: "மேற்படி பயிற்சியாளர் சில வாரங்களுக்கு முன்பே தனிப்பட்ட காரணங்களுக்காக எங்கள் முகாமிலிருந்து விலகிவிட்டார். அவருக்கும் சங்கத்துக்கும் தொடர்பில்லை. சங்கத்தின் நற்பெயருக்குக் களங்கம் விளைவிக்க முயல்வோர் மீது சட்டப்படி நடவடிக்கை எடுக்கப்படும்."

"தனிப்பட்ட காரணம்னா என்னங்க சார்?" என்று கேட்டேன்.

"மேடம், அதெல்லாம் ஒரு வார்த்தைங்க. எல்லாரும் போடறதுதானுங்க."

"அவரு வெலகுனாரா, நாம அனுப்பினமா?"

"வேற கேம்புக்கு மாத்துனமுங்க."

"ஏன் மாத்துனீங்க?"

அவர் அந்தத் தாளை என் பக்கம் நகர்த்தினார். அந்தத் தாளைக் கையில் எடுத்துக்கொண்டு, அனுப்பமாட்டேன் என்றேன். செயலாளருக்குக் கோபம் வந்துவிட்டது. "அனுப்பறது உங்க வேலைங்க மேடம். தீர்ப்புச் சொல்றது உங்க வேலையில்ல" என்றார். தலைவர் வரட்டும் என்று என் நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

தலைவருக்கு முன்னால் அந்த அம்மா வந்துவிட்டார்.

அவர் ஒரு மாவு மில் நடத்துகிறவர். வேலையை நிறுத்திவிட்டு அப்படியே பேருந்து ஏறியிருக்க வேண்டும், புடவை முந்தானையில் மாவு ஒட்டியிருந்தது. சத்தம் போடுவார், அழுவார் என்று நான் பயந்தேன். அவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்து, "பத்திரிகைக்கு எழுதறவீங்க நீங்கதானுங்களா?" என்று என்னைக் கேட்டார்.

"ஆமாங்க."

"என்ன எழுதப் போறீங்க?"

"மன்னிப்புக் கேட்டு எழுதோணும்னு..." என்று இழுத்தேன்.

"சாரியெல்லாம் எனக்கு வேண்டாமுங்க. அத வெச்சுட்டு நான் என்ன பண்ணட்டும்? ஒண்ணே ஒண்ணு எழுதிப்போடுங்க. எம்புள்ள நடந்த அன்னிக்கே உங்க வார்டன்கிட்டச் சொல்லிப்போட்டா. வார்டன் உங்க செயலாளருகிட்டச் சொல்லியிருக்குது. அதுக்கப்பறந்தான் அந்தாள மாத்துனாங்க. இப்ப ஊருல என்ன கேக்கறாங்க தெரியுங்களா? 'அப்பவே சொல்லியிருக்கலாமில்ல? இத்தன நாளு ஏன் சும்மா இருந்தா?' மாவு அரைக்க வர்ற பொம்பளைங்க எம்மூஞ்சிக்கு நேராக் கேக்கறாங்க. அவ ஊட்ட விட்டு வெளிய வரமாட்டீங்கறா. கேஸு கோர்ட்டுல நடக்கட்டும், அது அது பாட்டுக்கு நடக்கும். எம்புள்ள சொன்னாங்கறத நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னாத்தான் ஊரு நம்பும்."

எத்தனை வருடமாக நோட்டு எழுதுகிறேன்! இவ்வளவு தெளிவாக யாரும் எனக்கு வேலை கொடுத்ததில்லை.

தலைவர் வந்ததும் அந்த அம்மாவும் செயலாளரும் நானும் அவர் அறைக்குப் போனோம். தலைவர் வழக்கம்போல் எழுந்து நின்று அந்த அம்மாவைக் கும்பிட்டார். அவர் உட்காரும்வரை தானும் உட்காரவில்லை. எல்லாவற்றையும் கேட்டார். பிறகு செயலாளரைப் பார்த்து, "சொன்னாங்களாங்க?" என்றார்.

"சொன்னாங்க... ஆனா அப்ப டோர்னமென்ட் பக்கத்துல இருந்துச்சுங்கய்யா. புள்ளையோட பேரும் கெட்டுப் போயிருமேன்னு..."

"மாத்தற ஆர்டருல நாந்தான கையெழுத்துப் போட்டேன்?"

"ஆமாங்கய்யா."

தலைவர் மேசைமேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டார். "நான் ஏன்னு கேக்கலீங்க" என்று அந்த அம்மாவிடம் சொன்னார். "சீசன் நடுவுல ஒரு மாஸ்டர மாத்தறாங்க, ஏன்னு கேட்டிருக்கோணும். கேட்டா இவருக்குச் சங்கடமா இருக்குமேன்னு உட்டுப்போட்டேன்."

அந்த அம்மா அவரைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை. "உங்களுக்கெல்லாம் சங்கடம் வரக்கூடாதுன்னு எம்புள்ள கெடக்கறாளுங்க ஊட்டுக்குள்ள" என்றார். குரல் உயரவே இல்லை. அதிலும் ஒரு "ங்க" இருந்தது. எங்கள் ஊர் மரியாதை இவ்வளவு சுடும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

தலைவர் வக்கீலுக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தார். வக்கீல் நேரடியாகவே சொன்னார்: தெரிந்தும் போலீஸுக்குச் சொல்லாதது தனிக் குற்றம், அதை எழுதிக் கொடுத்தால் செயலாளர் மேலும் கேஸ் வரும், தலைவரையும் கூப்பிட்டு விசாரிப்பார்கள். "கருத்து இல்லைன்னு போட்டுட்டுக் கம்முன்னு இருங்க" என்றார். செயலாளர் முகம் செத்துப்போயிற்று. தலைவர் வக்கீலுக்கு நன்றி சொல்லி போனை வைத்தார். பிறகு, "அம்மணி, எழுதுங்க" என்றார் என்னிடம். "இதுல நான் திருத்தம் சொல்லலீங்க."

அங்கேயே உட்கார்ந்து எழுதினேன்.

"எங்கள் பயிற்சி முகாமில் இருந்த ஒரு மாணவி, பயிற்சியாளர் தன்னிடம் தவறாக நடந்துகொண்டதை அன்றே எங்கள் பொறுப்பாளரிடம் சொன்னார். அது எங்கள் செயலாளருக்கும் தெரிவிக்கப்பட்டது. நாங்கள் காவல்துறைக்குச் சொல்லவில்லை. பயிற்சியாளரை வேறு முகாமுக்கு மாற்றினோம். மாற்ற உத்தரவிட்ட தலைவர் காரணம் கேட்கவில்லை. மாணவி செய்ய வேண்டியதைச் செய்தார். நாங்கள் செய்யவில்லை." அதன் கீழே, அவர் மாற்றப்பட்ட முகாமில் இருந்த பிள்ளைகளின் பெற்றோர் தங்கள் பிள்ளைகளிடம் பேசும்படியும், எங்கே புகார் சொல்லலாம் என்றும் எழுதினேன். களங்கம், நற்பெயர், தீவிரம், தலையாய கடமை எதுவும் இல்லை.

அந்த அம்மாவிடம் கொடுத்தேன். உதடு அசைய அசையப் படித்து, "அன்றே" என்ற சொல்லில் விரலை வைத்தார். "இது போதுமுங்க" என்றார்.

இங்கே ஒரு கூத்து நடந்தது. தலைவருக்கு மனசு கேட்கவில்லை. "அம்மணி, நாளைக்குப் பிரஸ் மீட்டுல இவிங்களையும் மேடையில உக்கார வெச்சு, ஒரு பொன்னாடை போத்தி, எல்லாரு முன்னாடியும் நான் மன்னிப்புக் கேட்டுப்போடறனே" என்றார். கண் கலங்கியிருந்தது, மனதாரத்தான் சொன்னார். எங்கள் சங்கத்தில் யாரை மதித்தாலும் பொன்னாடைதான், அதைத் தவிர வேறு மரியாதை அவருக்குத் தெரியாது.

நான் பதறிப்போனேன். "ஐயா, போத்துனா போட்டோ எடுப்பாங்க. அம்மா மூஞ்சி வந்தா புள்ளை யாருன்னு மாவட்டத்துக்கே தெரிஞ்சுபோயிரும். சட்டமும் உடாதுங்க. தயவு பண்ணி ஒண்ணும் போத்தாதீங்க."

"அப்ப மரியாதைய எப்படிங்க காட்டறது?" என்று குழந்தைபோலக் கேட்டார்.

"அவிங்க பேர சொல்லாம இருக்கறதுதானுங்க மரியாதை."

கூத்து அதோடு முடியவில்லை. டைப் அடிக்கக் கொடுத்த நோட்டு திரும்பி வந்தபோது, "ஒரு மாணவி" என்பதற்கு முன்னால் ஊர் பெயர் பளிச்சென்று உட்கார்ந்திருந்தது. அந்த அம்மா எந்த ஊர் என்று சண்முகம் வாசலிலேயே விசாரித்து வைத்திருந்தார். "ஊரு இல்லாம நோட்டு போகக் கூடாதுன்னு நீங்கதானங்க மேடம்..." என்றார் அப்பாவியாக. அவரை என்ன திட்டுவது? சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. நானே உட்கார்ந்து அதை எடுத்தேன். என் வேலைக்காலத்தில் ஊர் பெயர் இல்லாமல் போன பிள்ளை அவள் ஒருத்திதான்.

மறுநாள் பிரஸ் மீட்டில் பேனர் இல்லை, மேடை இல்லை, வடை காபி இல்லை. ஒரு மேசை, ஒரு நாற்காலி. வழக்கப்படி கடையிலிருந்து வந்த பொன்னாடைப் பையை வாசலில் நின்று நானே திருப்பி அனுப்பினேன். தலைவர் நோட்டை முழுக்கப் படித்தார். "நாங்கள் செய்யவில்லை" என்ற இடத்தில் குரல் உடைந்தது, ஆனால் நிறுத்தவில்லை. நிருபர்களிடமிருந்து வந்த முதல் கேள்வியே, "எந்த ஊருங்க பொண்ணு?" என்பதுதான்.

"அத நான் சொல்றதுக்கில்லீங்க" என்றார் தலைவர்.

"பேரு வேண்டாங்க, ஊரு மட்டும்..."

"சொல்றதுக்கில்லீங்க."

இன்னொருவர் பள்ளிக்கூடத்தைக் கேட்டார், மற்றொருவர் வயதைக் கேட்டார். கேட்டவர்களுக்கெல்லாம் கையெடுத்துக் கும்பிட்டு அதே பதிலைச் சொன்னார். வாழ்நாளில் அவர் இத்தனை பேரைச் சங்கடப்படுத்தியது அன்றுதான்.

அதன்பிறகு எல்லாம் நல்லபடியாக நடந்தது என்று சொல்லமாட்டேன். செயலாளர் மேல் கேஸ் வந்தது, பதவியை விட்டார். தலைவரையும் கூப்பிட்டு விசாரித்தார்கள். பனியன் கம்பெனி ஒன்று எங்கள் போட்டிக்குக் கொடுத்துவந்த உதவியை நிறுத்திக்கொண்டது. "இப்படியா எழுதிக் கொடுப்பது?" என்று மேலிடத்திலிருந்து எனக்கே ஒரு கண்டிப்பு வந்தது. அவர் மாற்றப்பட்ட முகாமில் இருந்த ஒரு பிள்ளையின் பெற்றோரும் போலீஸுக்குப் போனார்கள். இப்போது மேலிடம் அனுப்பியதுபோல ஓர் அறிக்கையைப் போட்டுவிட்டுக் கம்மென்று இருந்திருந்தால் அவர்கள் போயிருப்பார்களா? அதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆத்திரமாக வருகிறது.

அந்த அம்மா செய்தியைக் கத்தரித்து, மாவு மில் மேசை டிராயரில் வைத்துக்கொண்டாராம். சுவரில் ஒட்டவில்லை. "அப்பவே சொல்லியிருக்கலாமில்ல" என்று யாராவது ஆரம்பித்தால், டிராயரைத் திறந்து எடுத்து நீட்டுவார். படித்துவிட்டு மாவை வாங்கிக்கொண்டு போய்விடுவார்களாம். கொஞ்ச நாளில் கேட்பதும் நின்றுபோயிற்று.

நான் ஓய்வு பெறுகிற வாரம் அனுப்பிய கடைசி நோட்டு, நடுவர் தேர்வில் தேறியவர்களின் பட்டியல். சரவணம்பட்டி, சூலூர், பொள்ளாச்சி என்று பெயரோடு ஊரைச் சேர்த்துக்கொண்டே வந்தவள் ஒரு பெயரில் நின்றுவிட்டேன். அந்தப் பிள்ளை. வழக்கு முடிந்து, கல்லூரியும் முடித்து, விசில் எடுத்துக்கொண்டு திரும்பி வந்திருக்கிறாள். அவளுக்கு போன் போட்டேன்.

"கண்ணு, தேர்வு முடிவு பத்திரிகைக்குப் போகுது. உன் பேரோட ஊரையும் போடலாமா? வேண்டாம்னா உட்டுறலாம்."

"மத்தவிங்களுக்கெல்லாம் போடறீங்களா மேடம்?"

"போடறேன்."

"அவிங்களையும் கேட்டுட்டுத்தான் போடறீங்களா?"

"இல்ல கண்ணு. உன்ன மட்டுந்தான்."

மறுமுனையில் மில் ஓடுகிற சத்தம் கேட்டது. அதற்கு மேல் குரலை உயர்த்திச் சொன்னாள்:

"போடுங்க மேடம். எங்கம்மா டிராயருக்குள்ள இன்னும் அந்தப் பழசுதான் கெடக்குது. அதுக்கு மேல வெக்க ஒண்ணு வேணுமில்லீங்களா?"